முகவரி மாறும் வீட்டுக்கு மாறாத பெயர்

தருமபுரிக்கு ஆசிரியப் பணியின் பொருட்டு வந்த நாளிலிருந்து நாம் ஐந்து வாடகை வீடுகள் மாறிவிட்டோம். வீடு மாறும்போதெல்லாம் சந்தா கட்டிய சிற்றிதழ்களுக்கு முகவரி மாற்றம் தெரிவித்து அஞ்சலட்டை எழுதவேண்டும். எழுதியது பாதி, எழுத மறந்தது பாதி. ஆயினும் இதழ்கள் தவறாமல் வந்துகொண்டிருந்தன. உறையின்மேல் பழைய கதவு எண்ணும் பழைய தெருவும் அச்சாகியிருக்கும்; அவற்றை அடித்துவிட்டு, அஞ்சல்காரர் நீலப் பேனாவால் புதிய தெருவின் பெயரைக் கிறுக்கியிருப்பார். அவருக்குக் கதவு எண் ஒரு பொருட்டில்லை. இந்தப் பெயருக்கு உரியவர் இன்றைக்கு எங்கே குடியிருக்கிறார் என்பதைத் தம் நினைவில் அவ்வப்போது திருத்தி வைத்துக்கொண்டார், அவ்வளவே. அவர் ஓய்வு பெற்ற ஆண்டில் மூன்று இதழ்கள் வந்து சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இணையத்தில் அந்த அஞ்சல்காரரின் வேலையைச் செய்யும் ஏற்பாட்டுக்கு டைனமிக் டி.என்.எஸ். என்று பெயர். இலக்கியம் பேசும் இடத்தில் இதையெல்லாம் எழுதுவானேன் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கணிப்பொறித் துறை நண்பர் ஒருவரே கேட்டார். வேலை இருக்கிறது என்றே கருதுகிறோம். சிற்றிதழ் நடத்துவோரும், ஊர் வரலாறு திரட்டுவோரும், தெருக்கூத்துப் பாடல்களைப் பதிவு செய்வோரும் தாம் சேர்த்தவற்றின் ஒரு படியையாவது தம் வீட்டில், தம் பெயரில், எவரும் எட்டிப் படிக்கத்தக்க விதத்தில் வைத்திருக்க வேண்டும். இதற்குப் பெருந்தொகை எதுவும் தேவைப்படுவதில்லை. வீட்டு இணைப்பின் முகவரி நாளொரு எண்ணாக மாறிக்கொண்டிருப்பதே பலரை இம்முயற்சியில் இறங்கவிடாமல் தடுக்கிறது.

இந்த எண்ணம் எங்களுக்குப் பட்டுத்தான் வந்தது. எங்கள் மாவட்டத்திலிருந்து எழுபதுகளில் வெளிவந்து நின்றுபோன ஒரு சிற்றிதழின் முப்பத்தொரு இதழ்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றும் வேலையை நண்பர்கள் சிலர் 2006-இல் தொடங்கினோம். பெரும்பகுதியைச் செய்தவர் அரூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். இரண்டே விரல்களால், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் தட்டினார். முதலில் திஸ்கி எழுத்துருவில் அடித்தவற்றைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றி, ஒற்றுப்பிழை பார்த்து, மீண்டும் ஏற்றினார். கட்டணமில்லாமல் இடம் தந்த ஒரு தளத்தில் அவற்றை வைத்திருந்தோம். ஒருநாள் அந்தத் தளம் மூடப்பட்டது. முப்பது நாள் அவகாசம் தந்து மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். அது போய்ச் சேர்ந்த கணக்கையோ எவரும் திறப்பதில்லை. ஆசிரியர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அவருடைய பழைய கணினியின் வன்தட்டிலிருந்து பன்னிரண்டு இதழ்கள் கிடைத்தன. எஞ்சிய பத்தொன்பதில் சிலவற்றின் அச்சுப் படிகளைக் கறையான் முந்திக்கொண்டது.

தளத்தின் மீது நமக்குக் கோபமில்லை. இலவசமாகத் திண்ணையில் படுத்தவன், வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார் என்று வழக்குத் தொடுக்க முடியாது. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. யாஹூ நிறுவனம் தன்னிடமிருந்த ஜியோசிட்டீஸ் தளத்தை 2009 அக்டோபர் 26-இல் மூடியபோது உலகெங்கும் தனிமனிதர்கள் கட்டியிருந்த கோடிக்கணக்கான பக்கங்கள் இடமிழந்தன. தொண்ணூறுகளின் இறுதியில் எழுத்துரு இறக்கிப் படிக்கவேண்டியிருந்த காலத்துத் தமிழ்ப் பக்கங்கள் பலவும் அவற்றுள் அடங்கும். தன்னார்வலர்கள் சிலர் இரவு பகலாக முயன்று ஒரு பகுதியைப் படியெடுத்தார்கள். மற்றவை போயின.

நூல் தொலைவது இந்த ஊருக்குப் புதிதா என்ன? தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் பெருஞ்சேரல் இரும்பொறைக்கும் நிகழ்ந்த போரைப் பாடிய நூல் தகடூர் யாத்திரை. அந்நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூலைத் தொகுத்தவர் அதிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்களை எடுத்து வைத்தார். உரையாசிரியர்கள் சில பாடல்களை மேற்கோளாக ஆண்டார்கள். புறத்திரட்டை எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பிக்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1938-இல் வெளியிட்டது. தகடூர் யாத்திரை என்ற பெயருக்கு இன்று உடம்பென்று ஏதேனும் இருக்குமானால் அது இந்த இரவல் உடம்புதான். மூல ஏடு எந்த வீட்டுப் பரணில் இருந்து எந்த ஆற்றோடு போயிற்றோ! வேறோரிடத்தில் வேறொருவர் எடுத்து வைத்த படியே மிஞ்சியது. வீட்டு வழங்கி பற்றி நாம் சொல்லப்போகும் எல்லாவற்றையும் இந்தச் செய்தியோடு சேர்த்தே வாசிக்க வேண்டுகிறோம். வீட்டில் இருப்பது ஒரு படி. அதுவே ஒரே படியாகிவிடக் கூடாது.

இனி, விஷயத்துக்கு வருவோம்.

இணையத்தில் இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு, ஐ.பி. முகவரி என்பார்கள். மனிதர் எண்ணை நினைவில் கொள்வதில்லை, பெயரைத்தான் கொள்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கம்வரை எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் ஒரே கோப்பாக இருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லரின் தலைமையில் இயங்கிய குழு அக்கோப்பைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அங்கே சொல்லிப் பெயரைச் சேர்க்கவேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது அந்தக் கோப்பைப் படியெடுத்துக் கொள்ளவேண்டும். கணினிகள் பெருகியபோது அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த முறையே டி.என்.எஸ். பெயர்ப் பட்டியலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அதற்குரியவரே பார்த்துக்கொள்ளச் செய்தார். உலகம் முழுதுக்கும் ஒரே கிராம நிர்வாக அலுவலர் என்றிருந்த நிலை மாறி, ஊருக்கொருவர் என்றானது எனலாம்.

அந்த முறை, எண் எளிதில் மாறாது என்ற எண்ணத்தில் அமைந்தது. பெயரொன்றின் எண்ணை மாற்ற ஒருவர் உட்கார்ந்து கோப்பைத் திருத்தவேண்டும். தொலைபேசிக் கம்பி வழியாக வீடுகளுக்கு இணையம் வந்தபோது நிலைமை மாறியது. நிறுவனங்கள் வீட்டுக்கென்று நிலையான எண் தருவதில்லை. தம்மிடமுள்ள எண்களை இணைப்பவர்களுக்குச் சுற்றில் விடுகின்றன. மின்சாரம் போய் வந்தால் வேறு எண். ரவுட்டரை அணைத்துப் போட்டாலும் வேறு எண். 1997 ஏப்ரலில் வெளியான ஆர்.எஃப்.சி. 2136 என்ற தர ஆவணம், பெயர்ப் பதிவைக் கணினியே தானாகத் திருத்துவதற்கு வழி வகுத்தது. அதையொட்டிய காலத்தில்தான் வீட்டு இணைப்புகளுக்குப் பெயர் தரும் சேவைகள் தோன்றின.

செயல்படும் விதம் மிக எளியது. வீட்டுக் கணினியில் ஒரு சிறு நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, "இப்போது நம் எண் என்ன?" என்று வெளியே ஒரு தளத்தைக் கேட்கிறது. சென்ற முறை கேட்ட எண்ணேயானால் பேசாமல் மீண்டும் உறங்குகிறது. மாறியிருந்தால், பெயர்ப் பதிவை வைத்திருக்கும் சேவைக்கு ஒரு மறைச்சொல்லோடு புதிய எண்ணைத் தெரிவிக்கிறது. பெயரோடு சேர்ந்து ஒரு காலக்கெடுவும் பதிவாகியிருக்கும். இந்த விடையை இத்தனை விநாடிவரை நம்பலாம், அதன்பின் மீண்டும் கேள் என்பது அதன் பொருள். பெரிய தளங்கள் இதை மணிக்கணக்கில் வைத்திருப்பதும் உண்டு. எங்களுடையது அறுபது விநாடி. ஆக, எண் மாறிய ஐந்தாறு நிமிடத்துக்குள் யாழ்ப்பாணத்திலோ டொரண்டோவிலோ இருக்கும் வாசகர் பழைய பெயரைத் தட்டினால் புதிய எண்ணுக்கு வந்து சேர்வார். நடுவில் நிகழ்ந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

அந்த மறைச்சொல்லை மட்டும் பத்திரமாகக் காக்கவேண்டும். அது பிறர் கைக்குப் போனால், நம் பெயரில் வரும் வாசகரையெல்லாம் அவர் தம் வீட்டுக்குத் திருப்பிக்கொள்ளலாம். அஞ்சல்காரரிடம் பொய் சொல்வது போன்ற திருட்டு.

எங்கள் குழு இதைச் செய்து பார்த்தது 2020-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது. இணையவழி வகுப்புக்கென்று வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்திருந்தது. விசைப்பலகையில் நான்கு எழுத்துகள் வேலை செய்யாத பழைய மடிக்கணினி ஒன்று பரணில் கிடந்தது. வழங்கிக்கு விசைப்பலகை எதற்கு? மடிக்கணினியில் ஒரு நன்மை உண்டு: மின்வெட்டின்போது அதன் மின்கலமே சிறிது நேரம் தாங்கும். இருபது வாட் அளவுக்கு மின்சாரம் எடுத்தால் மாதம் பதினைந்து யூனிட்டுக்கும் குறைவு. உபுண்டு இயங்குதளத்தை நிறுவி, மீட்ட பன்னிரண்டு இதழ்களையும் நாங்கள் பதிவு செய்திருந்த கூத்துப் பாடல்களின் ஒலிக்கோப்புகளையும் அதில் வைத்தோம். எழுதியவர்களிடமோ அவர்தம் வாரிசுகளிடமோ ஒப்புதல் கடிதம் வாங்கிய பகுதிகளை மட்டுமே வெளியே தெரியும்படி வைத்தோம். பன்னிரண்டு இதழுக்குக் கடிதம் வாங்க ஏழு மாதமானது. வழங்கியை அமைக்க இரண்டே இரவுதான்.

அந்த இரண்டாம் இரவில் ஒரு வேடிக்கை நடந்தது. ரவுட்டருக்குள் சென்று, வெளியிலிருந்து 80, 443 ஆகிய போர்ட்டுகளுக்கு வரும் அழைப்புகளை மடிக்கணினியின் உள்வீட்டு எண்ணுக்குத் திருப்பிவிட்டோம். பெயரைத் தட்டினோம். ரவுட்டரின் நுழைவுப் பக்கமே வந்தது. எல்லாவற்றையும் மூன்று முறை அழித்து எழுதினோம், அப்படியேதான் வந்தது. மணி பதினொன்றைத் தாண்டியபோது பெங்களூருவில் கட்டட மேற்பார்வை வேலையிலிருக்கும் எம் பழைய மாணவர் அழைத்து, "ஐயா, ஏழாம் இதழில் பக்கம் பதினொன்று தலைகீழாக இருக்கிறது" என்றார். பெயரை அவருக்கு மாலையிலேயே அனுப்பியிருந்தோம். அவர் ஒரு மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தாராம்! வீட்டுக்கு உள்ளிருந்து வெளிப்பெயரைச் சொல்லி அழைத்தால் பல ரவுட்டர்கள் அதை வாசல்வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரத் தெரியாமல் விழிக்கின்றன என்பது பிற்பாடுதான் புரிந்தது. கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, கைபேசியின் சொந்த இணைப்பில் சோதித்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். இதைச் செய்யப் புகுவோர் அனைவரும் ஓர் இரவையாவது இதற்குத் தத்தம் செய்கிறார்கள்.

இதுவரை சொன்னது யாவும் தொழில்நுட்பம். எமக்குக் கருத்து மாறுபாடு இருப்பது பெயர் விஷயத்தில். டைனமிக் டி.என்.எஸ். சேவைகள் பெரும்பாலும் தம் பெயருக்குக் கீழே ஒரு கிளைப்பெயரைக் கட்டணமின்றித் தருகின்றன. நம் இதழின் பெயர், ஒரு புள்ளி, அதன்பின் அவர்களுடைய பெயர். பலரும் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். இது வேறொரு திண்ணை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மறந்தவர்களுக்கு 2014-ஆம் ஆண்டு நினைவூட்டியது. 1998-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் முயற்சியாகத் தொடங்கி உலகப் புகழ் பெற்ற டின்டிஎன்எஸ், தன் இலவசச் சேவையை அவ்வாண்டு மே மாதத்தில் நிறுத்திக்கொண்டது. கட்டணம் கட்டாதவர்களின் பெயர்கள் ஒரே நாளில் பொருளிழந்தன. அடுத்த மாத இறுதியில் இன்னொன்று நடந்தது. நோ-ஐ.பி. என்ற சேவையின் கிளைப்பெயர்களைத் தீநிரல் பரப்புவோர் பயன்படுத்துகிறார்கள் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் முறையிட்டு, அச்சேவையின் இருபதுக்கும் மேற்பட்ட டொமைன்களை ஜூன் 30-இல் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. தீயவர்களை மட்டும் வடிகட்டுவதாகச் சொன்னார்கள். தவறேதும் செய்யாத இலட்சக்கணக்கானோரின் பெயர்களும் சில நாள்கள் செயலற்றன. பின்னர் டொமைன்கள் திருப்பித் தரப்பட்டன. எங்கோ நெவாடா மாகாணத்து நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒருவரது வீட்டுக் கதவு அடைபடலாம் என்பது அன்று தெளிவாயிற்று. இதே நோ-ஐ.பி.யில் இலவசப் பெயர் வைத்திருப்போர் முப்பது நாளுக்கு ஒருமுறை "இன்னும் இருக்கிறேன்" என்று உறுதி செய்யவேண்டிய நியதியும் உண்டு. ஓய்வூதியர்களின் உயிர்வாழ்வுச் சான்றாவது ஆண்டுக்கு ஒருமுறைதான்.

ஆதலால் நாம் வற்புறுத்துவது ஒன்று. பெயரைக் காசு கொடுத்து வாங்குங்கள். சாதாரண டொமைன் பெயருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகும். சில இன்னும் குறைவு. டைனமிக் சேவையின் இலவசப் பெயர் வேண்டுமானால் இருக்கட்டும், ஆனால் அதை வாசகருக்குக் காட்டாதீர்கள். நம் சொந்தப் பெயரின் பதிவில் "இப்பெயர் உண்மையில் அந்த இலவசப் பெயரே, எண்ணை அங்கே கேட்டறிக" என்று ஒரு சுட்டு எழுதிவிடலாம். சி-நேம் பதிவு என்பது அதன் பெயர். நாளை அந்தச் சேவை மூடப்பட்டால் சுட்டை வேறொரு சேவைக்கு மாற்றினால் போதும். கட்டுரைகளின் அடிக்குறிப்புகளிலும் ஆய்வேடுகளிலும் அச்சாகிவிட்ட முகவரி மாறாது. ஆய்வேட்டைத் திருத்திப் பழகிய எம்மைப் போன்றோருக்கு இதன் அருமை தெரியும். மாணவர் தரும் இணையச் சான்றுகளைத் தட்டிப் பார்த்தால் எத்தனை திறக்கின்றன? திறக்காதவற்றில் பாதி, எழுத்து அழிந்ததனால் திறக்காதவை அல்ல; எழுத்து வேறெங்கோ இருக்கிறது, பெயர்தான் இரவலாகப் போனது.

தமிழிலேயே பெயர் வைக்கலாமே என்று கேட்பார்கள். வைக்கலாம். .இந்தியா என்றும் .இலங்கை என்றும் .சிங்கப்பூர் என்றும் தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்கள் இருக்கின்றன. உள்ளே கணினி அவற்றை எக்ஸ்.என். என்று தொடங்கும் ரோமன் எழுத்துக் கோவையாக மாற்றித்தான் கையாளுகிறது. எங்கேனும் ஒட்டும்போது அந்தக் கோவை வெளியே வந்து பல்லிளிக்கும். நாங்கள் கூடிப் பேசி, ரோமன் எழுத்துப் பெயரையே வாங்கினோம். முடிவு செய்த அறையில் தமிழ் முதுகலை படித்தவர்கள் நால்வர் இருந்தோம் என்பதைச் சற்று வெட்கத்தோடு பதிவு செய்கிறோம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஆர்வத்தோடு வீட்டுக்குப் போய் முயன்றவர்களில் ஒரு சாரார் திரும்பி வந்து, "எல்லாம் சரியாகச் செய்தோம், வெளியிலிருந்து திறக்கவேயில்லை" என்றார்கள். அவர்கள் மீது தவறில்லை. அவர்களுடைய ரவுட்டருக்குத் தனி எண்ணே கிடைக்கவில்லை. நான்காம் பதிப்பு ஐ.பி.யில் மொத்தம் 430 கோடி எண்கள்தாம். உலகளாவிய கையிருப்பு 2011 பிப்ரவரி 3-இல் தீர்ந்தது. நம் ஆசிய பசிபிக் பகுதிக்குரிய அமைப்பு, அவ்வாண்டு ஏப்ரல் 15 முதல் மிச்சத்தை அளந்து கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. தொடக்கத்தில் அள்ளிக்கொண்டவர்களோ அள்ளிக்கொண்டார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற ஒரே கல்வி நிறுவனத்திடம் 1 கோடியே 67 இலட்சம் எண்கள் இருந்தன. அதில் பெரும்பகுதியைப் பயன்படுத்தவேயில்லை என்று சொல்லி, 2017-இல் 80 இலட்சத்துக்குக் குறையாமல் விற்க முன்வந்தது. காலதாமதமாக வந்த நமக்கு ஒரே எண்ணைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வாய்த்தது. தொழில்நுட்பத்தார் இதை சி.ஜி.நாட் என்கிறார்கள். பெரிய காம்பவுண்டுக்குள் நூறு குடித்தனம், வாசலுக்கு ஒரே எண். உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து வருபவரை எந்தக் குடித்தனத்துக்கு அனுப்புவது என்று வாசலில் இருப்பவருக்குத் தெரியாது. டைனமிக் டி.என்.எஸ். அங்கே உண்மையான எண்ணைத்தான் சொல்லும். அது காம்பவுண்டின் எண்.

சோதிப்பது எளிது. ரவுட்டரின் உள்ளே காட்டப்படும் வெளிப்பக்க எண்ணையும், வெளித்தளம் ஒன்று நமக்குச் சொல்லும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், குறிப்பாக ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரையிலான தொடக்கம் தெரிந்தால், காம்பவுண்டில்தான் இருக்கிறீர்கள். சில நிறுவனங்கள் கேட்டால் கூடுதல் கட்டணத்துக்குத் தனி எண் தருகின்றன. சிலவற்றின் வாடிக்கையாளர் மையத்தில் நம் கேள்வியைப் புரியவைப்பதற்கே ஒரு வாரம் ஆகும். ஆறாம் பதிப்பு ஐ.பி. இன்னொரு வழி. அதில் எண்ணுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனி எண். இந்தியப் பயனர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அது வந்துவிட்டது. அந்த எண்ணின் முன்பகுதியும் வீட்டு இணைப்புகளில் மாறக்கூடியதே என்பதால் நம் அஞ்சல்காரருக்கு அங்கேயும் வேலையுண்டு. எனினும் ஆறாம் பதிப்பு இல்லாத வாசகர் அந்த வழியில் வர இயலாது. மூன்றாவதாக, வெளியே ஒரு சிறு வாடகைக் கணினியை வாசலாக வைத்து, அங்கிருந்து வீட்டுக்குச் சுரங்கப்பாதை அமைப்போரும் இருக்கிறார்கள். நூல் வீட்டில், வாசல் பிறரிடம். பாதகமில்லை, பெயர் நம்முடையதாயின் வாசலை மாற்றிக்கொள்ளலாம்.

எண்ணை இப்படிப் பங்கிட்டதில் ஓர் அநீதி இருப்பதாகவே நமக்குப் படுகிறது. வெளியே போய்ப் படிக்கலாம், பார்க்கலாம், வாங்கலாம். ஆனால் எவரும் நம்மிடம் வந்து படிக்கமுடியாது என்ற இணைப்பு, வாசகனை வாசகனாகவே வைத்திருக்கிறது. கட்டணப் பட்டியலில் இந்த வேறுபாட்டை அச்சிட வேண்டும் என்று கேட்க இலக்கிய அமைப்புகளுக்கு உரிமை உண்டு. தீர்மானம் போடும் கூட்டங்களில் இதையும் ஒன்றாகச் சேர்க்கலாம்.

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. கதவைத் திறந்த அன்றே, முன்பின் தெரியாத நாடுகளிலிருந்து யாரோ பூட்டைத் திருகிப் பார்ப்பது பதிவேட்டில் தெரியும். எங்கள் மடிக்கணினியில் முதல் நாளே நூற்றுக்கணக்கான முயற்சிகள். நுழைவைக் கடவுச்சொல்லால் அன்றிச் சாவிக்கோப்பால் மட்டும் அனுமதிப்பது, அந்த இரண்டு போர்ட்டுகளைத் தவிர எதையும் திறக்காதிருப்பது, மென்பொருளைத் தானாகப் புதுப்பிக்க விடுவது, லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழைப் பொருத்துவது ஆகியன செய்தே தீரவேண்டியவை. மாணவர் மதிப்பெண்ணும் குடும்பப் படங்களும் இருக்கும் கணினியை எக்காரணம் கொண்டும் இதற்குப் பயன்படுத்தலாகாது. நம் வீட்டு எண்ணிலிருந்து எந்த ஊர், எந்த நிறுவனத்து இணைப்பு என்பதை ஓரளவு ஊகிக்க முடியும். மிரட்டலுக்கு ஆளாகும் எழுத்தாளர் இதைச் செய்யாதிருப்பதே நல்லது. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தால் வீட்டு இணைப்பு திணறும். சிற்றிதழுக்கு அப்படியொரு ஆபத்து நேர்ந்தால் மகிழ்ச்சியே.

பெரிய தளங்களில் வைக்கவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மதுரைத் திட்டம் 1998 முதல் நூல்களைத் தட்டச்சு செய்து தந்ததும், ஈழத்து நூல்களுக்கென நூலகம் திட்டம் 2005 முதல் இயங்கி வருவதும் பலர் உழைத்துப் பல இடங்களில் படி வைத்ததன் பயன்கள். நாங்களும் எங்கள் கோப்புகளின் படிகளை இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றியிருக்கிறோம். இரண்டு நண்பர்களின் வீட்டு வன்தட்டுகளிலும் வாரந்தோறும் படி சேர்கிறது. புறத்திரட்டைத் தொகுத்தவர் செய்த வேலைதான். பெயர் மட்டும் எங்களிடம் இருக்கிறது. புதுப்பிக்கும் தேதி நான்கு வீட்டு நாட்காட்டிகளில் எழுதப்பட்டிருக்கிறது. திறக்கப்படாத ஒற்றை மின்னஞ்சலை நம்பும் வழக்கத்தை விட்டுவிட்டோம்.

சென்ற ஐப்பசியில் இடியும் மின்வெட்டுமாக இருந்த ஒரு வாரத்தில் எண் பதினான்கு முறை மாறியதாக நிரல் எழுதி வைத்திருக்கிறது. ஒருமுறை மின்னல் விழுந்து ரவுட்டர் போயிற்று. புதியது வாங்க இரண்டு நாளாயின. அந்த இரண்டு நாளில், "தளம் திறக்கவில்லையே" என்று கேட்டு மூன்று மின்னஞ்சல்கள் வந்தன. அவற்றுள் ஒன்றை எழுதியவர் அந்தச் சிற்றிதழில் தம் இருபத்திரண்டாம் வயதில் ஒரு கவிதை எழுதியவர். அவரிடம் பதினெட்டாம் இதழும் இருபத்து மூன்றாம் இதழும் இருக்கின்றனவாம். படம் எடுத்து அனுப்புவதாக எழுதியிருக்கிறார். இன்னும் பதினேழு இதழ்கள் கிடைக்கவேண்டும்.

இந்த வேலையைத் தம் ஊரில் செய்ய விரும்பும் நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் தருமபுரிக்கு வந்தால் உடனிருந்து செய்துதர நாங்கள் இருவர் இருக்கிறோம். பழைய மடிக்கணினி ஒன்று போதும். விசைப்பலகை கெட்டிருந்தாலும் பரவாயில்லை. வருமுன் உங்கள் இணைப்பு காம்பவுண்டுக்கு உள்ளதா வெளியதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.